நவம்பர் முதல் மார்ச் வரை விடாத மனச்சோர்வு: வடக்கே வாழும் நம்மவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோடைமழை (ட்ரோம்சோ) · டிசம்பர் 3

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கணவரின் வேலைக்காக நார்வேயின் ட்ரோம்சோ நகருக்கு வந்தோம்; இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். போன வருடம் இதே நாட்களில் வந்த சோர்வை, புது ஊர், புது மொழி, போகப் போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் அது தானாகவே போய்விட்டது. கோடை முழுக்க நன்றாக இருந்தேன். மொழி வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பேன். இந்த நவம்பர் பாதியிலிருந்து மறுபடியும் அதே நிலை.

பத்து மணி நேரம் தூங்கினாலும் தூக்கம் தீர்வதில்லை. சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு அடுக்களையில் நிற்கிறேன். அழுகை வருவதில்லை, சந்தோஷமும் வருவதில்லை. ஆசையாக வாங்கிய கொத்தமல்லிக் கட்டு, ஆய்ந்து வைக்க மனமில்லாமல் ஃபிரிட்ஜிலேயே கறுத்துப் போகிறது. அம்மா வீடியோவில் கூப்பிட்டால் எடுக்காமல் இருந்துவிட்டு, வெளியே போயிருந்தேன் என்று பிறகு செய்தி அனுப்புகிறேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

கணவர் நல்லவர். ஆனால், "எல்லோருக்கும் இதே இருட்டுதானே" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது நோயா, ஊர் ஏக்கமா, சோம்பலா? இங்கே பல குளிர்காலங்களைக் கண்டவர்கள் சொல்லுங்கள்.

---

பனங்கூடல் (ஸ்டாக்ஹோம்) · டிசம்பர் 3

சகோதரி, முதலில் ஒன்று: இது சோம்பல் இல்லை. ஆனால் உடனே நோய் என்று பெயர் வைக்கவும் அவசரப்படாதீர்கள். உங்கள் ஊரிலேயே 2014-15 குளிர்காலத்தில் காரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தங்கி ஆய்வு செய்தார். இவ்வளவு இருட்டில் இந்த மக்கள் ஏன் வாடிப் போகவில்லை என்பதே அவருடைய கேள்வி. குளிர்காலத்தைச் சகித்துக் கழிக்க வேண்டிய காலமாகப் பார்க்காமல், அதற்கே உரிய இன்பங்கள் உள்ள பருவமாகப் பார்க்கும் மனப்பாங்கு அங்கே பலரிடம் இருப்பதைக் கண்டார். அந்த மனப்பாங்கு தெற்கே ஒஸ்லோவில் இருந்ததைவிட வடக்கே கூடுதலாக இருந்தது.

நான் கற்றுக்கொண்டதும் அதுதான். எந்த வானிலையிலும் வெளியே போய்விடுவேன். பகல் உணவு இடைவேளையில் அரை மணி நேரம் நடை. வீட்டிலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தால் இருட்டு இரண்டு மடங்காகத் தெரியும். வெளிச்சச் சிகிச்சை விளக்கு, மாத்திரை என்று போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

---

வெண்தாமரை (ஸ்கார்பரோ) · டிசம்பர் 4

நான் மனநலப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். கோடைமழை, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். இங்கே யாரும் உங்களுக்கு நோய் நிர்ணயம் செய்ய முடியாது. அது மருத்துவரின் வேலை. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஒரு நிலையோடு ஒத்துப்போகிறது. 1984-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் இதைப் பருவகால மனச்சோர்வு என்று முதன்முதலாக விவரித்தார்கள். அவரே தென்னாபிரிக்காவிலிருந்து வடக்கே குடிபெயர்ந்து, தன்னுடைய சுறுசுறுப்பு குளிர்காலத்தில் குன்றுவதை உணர்ந்தவர்.

சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் குறையும். குளிர்காலத்தில் வருவது பெரும்பாலும் எதிர்த்திசையில் போகும்: கூடுதல் தூக்கம், மாச்சத்துள்ள உணவின் மேல் தீராத ஆசை, எடை கூடுதல், ஆட்களிடமிருந்து விலகுதல். இரண்டு குளிர்காலம் தொடர்ந்து வருவதும் வசந்தத்தில் தானாக விலகுவதும் முக்கியமான அடையாளம். ஊர் ஏக்கம் என்றால் அது ஜூலையிலும் இருந்திருக்கும்.

"எல்லோருக்கும் இதே இருட்டுதானே" என்பதற்குப் பதில்: இருட்டு ஒன்றுதான், உடல்கள் வேறு. கண்ணின் விழித்திரையில் உருவங்களைப் பார்க்க உதவும் உயிரணுக்கள் தவிர, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை மூளையின் உட்கடிகாரத்துக்கு அறிவிக்கும் உயிரணுக்களும் இருக்கின்றன. காலை வெளிச்சம் போய்ச் சேராவிட்டால் சிலருடைய கடிகாரம் பின்தங்கிவிடுகிறது. எழுந்து நடமாடும் நேரத்திலும் அவர்கள் உடல் இன்னும் இரவு என்றே நடந்துகொள்கிறது.

பனங்கூடல் அண்ணா சொல்லும் நடை மிக நல்லது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஸ்டாக்ஹோமில் டிசம்பரிலும் ஆறு மணி நேரம் பகல் உண்டு. மேகம் மூடிய நடுப்பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கிடைக்கலாம். வீட்டுக்குள் இருப்பது சில நூறுதான். ட்ரோம்சோவில் இப்போது சூரியனே எழுவதில்லை. நடுப்பகலில் இருப்பது நீல நிற அந்தி வெளிச்சம் மட்டும். அங்கே நடை உடலை அசைக்கும், ஆட்களைக் காட்டும். ஆனால் வெளிச்சத்தைத் தராது. அதனால்தான் அங்கே விளக்கு பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சிகிச்சை விளக்கு என்பது 10,000 லக்ஸ் தருவதாகவும் புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகவும் இருக்க வேண்டும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், ஏறக்குறைய அரை மணி நேரம், கைக்கெட்டும் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டாக வைத்துக்கொண்டு சாப்பிடலாம், வாசிக்கலாம். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. மாலையில் வைத்தால் இரவுத் தூக்கம் கெடும். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். மற்ற மாதங்களில் அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாட்களும் வருகிறவர்கள், கண் நோய் உள்ளவர்கள், வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தங்கச்சி. இதை நான் எல்லோரிடமும் நேராகத்தான் கேட்பேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? இங்கே எழுத விருப்பமில்லை என்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள். நோர்வேயில் 116 123 என்ற எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள். உடனடி ஆபத்து என்றால் 113. கனடாவில் வாசிப்பவர்களுக்கு 988.

---

பழைய_வார்டோ (ஒஸ்லோ) · டிசம்பர் 4

பிள்ளை, நான் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தவன். நாட்டு நிலைமையால் வந்த எங்களில் பலருக்கு நோர்வேயின் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில்தான் வேலை கிடைத்தது. வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற இடங்களில் மீன் ஆலைகள். கொட் மீனின் முள்ளை எடுத்துத் துண்டு போடும் மேசை. குழாய் விளக்கின் கீழ் முழு நாளும் நிற்பது. விரல் நுனி விறைத்து, கையுறைக்குள் கத்தி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும். வெளியே வந்தால் வேலைக்குப் போகும்போது இருந்த அதே இருட்டு.

அந்தக் காலத்தில் எங்களில் ஒருவர்கூட மனம் சரியில்லை என்று வைத்தியரிடம் போனதில்லை. நாரி நோவு, தோள் உளைவு, தலையிடி என்றுதான் போவோம். வலி உண்மையான வலிதான், பொய் இல்லை. குளிசை தருவார்கள். இரண்டு கிழமையில் மறுபடி போவோம். அன்னே சிக்ஃப்ரிட் கிரோன்செத் என்ற நோர்வே மானிடவியலாளர் வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் எங்கள் ஆட்களோடு பழகி இதையே ஆராய்ந்தார். காரணம் பிடிபடாத நோவுகளோடு தமிழர்கள் சுகாதார நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, சொந்த பந்தம் இல்லை என்ற இழப்பு அந்த நோவுகளுக்குள் இருந்ததை அவர் எழுதினார். வாசித்தபோது எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

ஆகவே நீங்கள் வைத்தியரிடம் போனால் உடம்பு அலுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த மாதம் தொடங்குகிறது, எந்த மாதம் விடுகிறது, எத்தனை மணி நேரம் தூக்கம், போன வருடமும் வந்ததா, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதை ஏற்பாடு செய்வது சுகாதாரச் சேவையின் பொறுப்பு. கணவரை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அவர் முன்னால் சொல்லத் தயங்கும் விடயங்கள் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களோடு இருந்த ஒரு பொடியன் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தான். கூட இருந்த அண்ணன் ஒருவர் தினமும் வேலை முடிந்து வந்து, அவனைக் கேட்காமலேயே அடுப்படிக்குக் கூப்பிட்டு வெங்காயம் வெட்டச் சொல்வார். புத்திமதி எதுவும் சொல்லமாட்டார். வெங்காயம், பிறகு மிளகாய், பிறகு சோறு வடிப்பது. அவன் இன்று பேரப்பிள்ளை கண்டவன். உங்கள் கணவர் இந்த இழையை வாசித்தால் இதை அவருக்காக எழுதினேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

---

மலைநிழல் (டெலிமார்க்) · டிசம்பர் 5

மனப்பாங்கு போதும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் மாகாணத்து ர்யூகான் நகருக்கு வந்து பார்க்க வேண்டும். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிற தொழிற்சாலை நகரம். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மலை மறைப்பதால் நகருக்குள் நேரடி வெயில் விழாது. அந்த நகரத்தை உருவாக்கியவர் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் சாம் ஐடே. மலை மேல் கண்ணாடி வைத்து வெயிலைக் கீழே திருப்பலாம் என்ற யோசனை 1913-லேயே பேசப்பட்டது. அப்போது அது நடக்கவில்லை. ஆனால் 1928-இல் ஹைட்ரோ நிறுவனம் அங்கே கம்பிவடத் தொங்கு வண்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தது. எதற்காக? தொழிலாளர் குடும்பங்கள் குளிர்காலத்தில் மேலே போய் வெயிலில் நின்றுவிட்டு வருவதற்காக. அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

2013 அக்டோபரில் பழைய கண்ணாடி யோசனையும் நிறைவேறியது. மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகள் சூரியனின் போக்குக்கு ஏற்பத் தாமாகவே திரும்பி, கீழே நகரச் சதுக்கத்தில் வெயிலை விழச் செய்கின்றன. நான் பிப்ரவரியில் போயிருந்தேன். சதுக்கத்தின் ஒரு பகுதி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. குளிர்கண்ணாடி போட்ட பாட்டிகள், தள்ளுவண்டியோடு தாய்மார்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். இரண்டடி தள்ளி நிழலில் ஒருவரும் இல்லை.

குளிரில் பிறந்து வளர்ந்த மக்களே வெளிச்சத்தை இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவருகிறார்கள். வருடம் முழுவதும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பகலில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் மேசை மேல் ஒரு விளக்கு வைத்துக்கொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும்?

---

இரவுப்பணி (பிராம்டன்) · டிசம்பர் 5

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் படிக்க வந்து, இப்போது கிடங்கில் இரவு வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு வீடு வந்து தூங்கினால் எழும்போது மாலை நான்கு. இங்கே இப்போது ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வாரக்கணக்கில் வெயிலைப் பார்ப்பதில்லை. எனக்குக் "காலை விளக்கு" என்றால் எந்தக் காலை?

---

வெண்தாமரை (ஸ்கார்பரோ) · டிசம்பர் 5

தம்பி, நல்ல கேள்வி. மேலே எழுதிய முறை பகலில் வேலை செய்பவர்களுக்கானது. அதை அப்படியே எடுத்தால் உங்கள் தூக்கம் இன்னும் குழம்பும். இரவு வேலை செய்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது: வேலையின் முதல் பாதியில் நல்ல வெளிச்சம், வீடு திரும்பும்போது வெளிச்சத்தைக் குறைத்தல், தூங்கும் அறையில் தடித்த திரை. வீட்டுக்கு நீங்களே கார் ஓட்டிப் போவதானால் களைப்போடு கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டாதீர்கள். விடுமுறை நாளில் நடுப்பகலில் எழுந்து ஒரு மணி நேரமாவது வெளியே இருங்கள். ரொறன்ரோ வட்டாரத்தில் மிகக் குறுகிய நாளிலும் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பகல் இருக்கிறது. ட்ரோம்சோவில் இல்லாத வசதி அது.

பகல் வேலைக்கு மாறக் கேட்பதற்கு மருத்துவரின் கடிதம் உதவலாம். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அறையில் உங்களோடு இருப்பவர்கள் யார்? ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுகிறீர்களா?

---

இரவுப்பணி (பிராம்டன்) · டிசம்பர் 5

ஆளுக்கொரு ஷிஃப்ட், அக்கா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ந்து சமைப்போம். அதைப் புதன்கிழமையும் செய்யப் பார்க்கிறேன்.

---

நெய்தல் (பெர்கன்) · டிசம்பர் 5

வைட்டமின் டி மாத்திரை எடுத்தால் இந்தச் சோர்வு போய்விடும் என்று எங்கள் சங்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

---

வெண்தாமரை (ஸ்கார்பரோ) · டிசம்பர் 6

இரண்டும் வேறு வேறு வழிகள். வைட்டமின் டி தோலில் விழும் வெயிலால் உண்டாவது. நான் சொன்ன வெளிச்சம் கண் வழியாகப் போவது. விளக்கு வைட்டமின் டி தராது. மாத்திரை மூளையின் கடிகாரத்தைத் திருத்தாது. நோர்வேயில் குளிர்காலம் முழுவதும் வெயிலிலிருந்து வைட்டமின் டி கிடைப்பதில்லை. நம்முடைய கருநிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் வெயில் வேண்டும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்து குறை இருந்தால் எடுக்க வேண்டியதுதான். எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. ஆனால் அதை மட்டும் விழுங்கிவிட்டு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தாகிவிட்டது என்று இருக்கக் கூடாது. அங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் உண்டு. கர்ப்பிணிகள் தாதியிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.

---

பனங்கூடல் (ஸ்டாக்ஹோம்) · டிசம்பர் 6

விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கை வாங்கி வைத்துவிட்டு அதன் முன்னேயே ஐந்து மாதம் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. என் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. விளக்கு எரிகிறது, ஆள் வெளியே வருவதில்லை.

---

வெண்தாமரை (ஸ்கார்பரோ) · டிசம்பர் 6

அந்தக் கவலை சரியானது அண்ணா. உங்கள் பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோகன் என்ற உளவியலாளர் விளக்குச் சிகிச்சையையும், குளிர்காலத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. இரண்டு வருடம் கழித்து வந்த குளிர்காலத்தில் பார்த்தபோது, பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான் சோர்வு மறுபடி வருவது குறைவாக இருந்தது. வீட்டை விட்டு வெளியே வருவதும், சின்னதாகவேனும் ஒரு இன்பத்தைத் திட்டமிட்டு நாளுக்குள் வைப்பதும் அந்தச் சிகிச்சையின் பகுதிகள். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அதையும் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

---

ஆர்க்டிக்_அகல் (ட்ரோம்சோ) · டிசம்பர் 7

கோடைமழை, நான் உங்கள் ஊரிலேயே இருக்கிறேன்! இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். மதுரைக்காரி, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

எனக்கு இந்த மாதங்களைக் கடக்க உதவுவது நாட்காட்டிதான். நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும்; அதற்குச் சற்று முன்போ பின்போ நம் கார்த்திகை தீபம் வரும். வாசலில் வைத்தால் அகல் காற்றில் நிற்காது; கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பனியில் புதைத்துவிடுவேன். அந்த நாட்களிலேயே இங்குள்ளவர்கள் ஜன்னல்தோறும் காகித நட்சத்திரமும் ஏழு கிளை விளக்கும் வைக்கத் தொடங்குவார்கள். டிசம்பர் 13-இல் குழந்தைகள் வெள்ளை உடையில் லூசியா ஊர்வலம் போவார்கள். உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். பிறகு பொங்கல். கணக்குப்படி ஜனவரி நடுவில், நாம் பொங்கல் வைக்கும் நாட்களை ஒட்டித்தான் சூரியன் மறுபடி அடிவானத்தைத் தொடுகிறது. மலை மறைப்பதால் ஊருக்குள் தெரிய 21-ஆம் தேதி ஆகும். அன்று பேக்கரிகளில் ஜாம் வைத்த சூரியப் பணியாரத்துக்கு வரிசை நிற்கும். நாங்கள் தை முதல் நாளில் அடுப்பில் ஒரு பொங்கல் வைப்போம். சூரியன் முகம் காட்டிய பிறகு வரும் சனிக்கிழமை, அதற்கு நேராக நின்று இன்னொரு பொங்கல். சாமி கோபித்துக்கொள்ளாது என்பது என் நம்பிக்கை.

சனிக்கிழமைகளில் நாங்கள் சில பெண்கள் பகல் பதினொன்றரைக்கு பிரெஸ்ட்வன்னெட் ஏரியைச் சுற்றி நடக்கிறோம். வருகிறீர்களா?

---

கோடைமழை (ட்ரோம்சோ) · டிசம்பர் 8

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் கணவரோடு உட்கார்ந்து வாசித்தேன். வெங்காயம் வெட்டச் சொன்ன அண்ணனைப் பற்றி வாசித்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. இன்று காலை அவரே எழுப்பி, தேநீர் போட்டுவிட்டேன் வா என்றார்.

வெண்தாமரை அக்கா, நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் இல்லை. காலையில் விழிக்காமலே இருந்தால் பரவாயில்லை என்று சில நாட்கள் தோன்றியிருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குடும்ப மருத்துவரிடம் வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். மொழிபெயர்ப்பாளரும் கேட்டிருக்கிறேன். மாதம், தூக்கம், சாப்பாடு எல்லாம் தாளில் எழுதியாகிவிட்டது.

மதுரை அக்கா, வருகிறேன். ஆனால் அந்த ஏரிப் பாதை பனிக்கட்டியாக இருக்காதா? போன வருடம் வழுக்கி விழுந்ததிலிருந்து எனக்குப் பயம்.

---

வெண்தாமரை (ஸ்கார்பரோ) · டிசம்பர் 8

சொன்னதற்கு நன்றி, தங்கச்சி. விழிக்காமலே இருந்தால் போதும் என்ற அந்த வாக்கியத்தையும் தாளில் எழுதுங்கள். முதல் வரியாகவே எழுதுங்கள். மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும் அதைத் தாண்டிப் போகமாட்டார். வியாழனுக்கு முன் எண்ணம் கனத்தால் காத்திருக்க வேண்டாம், 116 123.

---

ஆர்க்டிக்_அகல் (ட்ரோம்சோ) · டிசம்பர் 8

பாதை வழுக்கும்தான். காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை இங்கே விளையாட்டுக் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். வாங்க வேண்டாம், என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. காலணி அளவை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒளிரும் பட்டை ஒன்றும் கொண்டு வருகிறேன். ஏரியைச் சுற்ற அரை மணி நேரம், பிறகு என் வீட்டில் சுக்குக் காபி. பிள்ளை இருந்தால் கூட்டி வாருங்கள், பனிச்சறுக்குப் பலகையில் உட்கார வைத்து நாங்கள் மாறி மாறி இழுத்துக்கொள்கிறோம்.